மனைவி பெயரில் லாரி, மகன் பெயரில் ஒப்பந்தம்: வேட்பாளர் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் குடும்பத்தைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும், தொழில் தொடர்புகளை எவ்வளவு வெளியே சொல்ல வேண்டும் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான விதிகளை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறார். மனைவி, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், கல்லூரியில் படிக்கும் மகள், கூடவே இருக்கும் அம்மா என்று குடும்பம். இவர்களில் யாருடைய சொத்தையெல்லாம் காட்ட வேண்டும்?
வாசகி, தென்காசி

படிவம் 26 என்பதுதான் அந்தப் பிரமாணப் பத்திரம். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து பிறந்தது இது. வேட்பாளர் மட்டுமல்ல, அவருடைய மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்து வாழ்வோர் ஆகியோரின் சொத்தும் கடனும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதை முடக்கும் விதமாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் நாடாளுமன்றம் கொண்டுவந்த 33பி பிரிவையும் 2003 மார்ச்சில் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

மனைவி விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. அவர் சொந்தமாகச் சம்பாதித்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குத் தனிப் பத்தி உண்டு. மற்றவர்களுக்கு இரண்டு நிபந்தனைகள்: தனி வருமானம் இருக்கக் கூடாது, வாழ்க்கைக்கு வேட்பாளரை நம்பி இருக்க வேண்டும். பெற்றோர், மகன், மகள், ரத்த உறவாலோ திருமண உறவாலோ வந்த வேறு எவரானாலும் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் சார்ந்திருப்போர் ஆவார்கள். அப்படிப் பார்த்தால் மகள் வருவார். சம்பளம் வாங்கும் மகன் வரமாட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமோ வீட்டு வாடகையோ வருகிறதா என்று பாருங்கள். அந்த வருமானத்தில் அவரே தன் செலவைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் வரமாட்டார். கொஞ்சம் பணம் வந்தாலும் மருந்து, சாப்பாடு எல்லாம் மகன் கையிலிருந்துதான் என்றால் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததற்காக யாருடைய மனுவும் தள்ளுபடி ஆகாது. விட்டதற்காகத்தான் வழக்கு வரும்.

இந்து கூட்டுக்குடும்பச் சொத்துக்கும் தனிப் பத்தி இருக்கிறது. பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக நிலத்தில் வேட்பாளருக்கு ஒரு பங்கு இருந்தால், பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தாலும் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். எங்கள் பகுதிகளில் அதிகம் விட்டுப்போவது இதுதான். பட்டா பெயர் மாறவில்லை, அதனால் நமக்கு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். படிவத்தை நிரப்பும் முன் குடும்பத்தார் பெயர்களில் உள்ள சர்வே எண்களுக்கு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது நல்லது.

மனைவியைப் பிரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. விவாகரத்து வாங்கவில்லை. அவர் பத்தியை வெறுமனே விட்டுவிடலாமா?
வாசகர், நாமக்கல்

விடக் கூடாது. நீதிமன்றம் மணவிலக்குத் தராதவரை சட்டப்படி அவர் மனைவிதான். வெற்றிடமாக விடுவதைப் பற்றி 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'இல்லை', 'பொருந்தாது', 'தெரியாது' ஆகியவற்றில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். காலியிடம் இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் நினைவூட்ட வேண்டும். அதற்குப் பிறகும் நிரப்பாவிட்டால் பரிசீலனையில் மனுவைத் தள்ளலாம்.

2014-ல் வடோதரா தொகுதியில் மனு செய்தபோது நரேந்திர மோடி, அதுவரை சட்டமன்றத் தேர்தல்களில் காலியாக விட்டிருந்த அந்த இடத்தில் மனைவியின் பெயரை எழுதினார். அவருடைய வருமானம், சொத்து பற்றிய இடங்களில் தகவல் இல்லை என்று குறிப்பிட்டார். பிரிந்து வாழ்பவர்கள் செய்யக்கூடியது இதுதான்.

ஆனால் 'தெரியாது' என்பது உண்மையிலேயே தெரியாததற்கு மட்டும். இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருக்கிறது, அல்லது இருவரும் சேர்ந்து வாங்கிய மனை இருக்கிறது என்றால் அதைத் தெரியாது என்று எழுத முடியாது. அந்த ஒரு பத்திர நகலை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டினால் சத்தியப் பிரமாணம் பொய்யாகிவிடும்.

கணவர் நெடுஞ்சாலைத் துறை ஒப்பந்ததாரர். மனைவி வேட்பாளர். நிற்க முடியுமா? இதே கணவர் வேட்பாளர் என்றால்?
வாசகர், திருச்சி

இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு வேறு பதில்கள். வேட்பாளரின் நலன் அரசின் நலனோடு மோதும் இடம் என்று நம் தேர்தல் சட்டம் நேரடியாகக் கை வைத்திருப்பது இங்கேதான் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 9ஏ பிரிவு, அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசு வேலையைச் செய்யவோ தன் தொழில் முறையில் போட்ட ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரைத் தகுதியிழக்கச் செய்கிறது. சட்டமன்றத்துக்கு நிற்பவர் என்றால் மாநில அரசோடு போட்ட ஒப்பந்தம் கணக்கு. நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் என்றால் மத்திய அரசோடு போட்டது. ஆகவே ரயில்வே வேலை எடுத்திருப்பவர் சட்டமன்றத்துக்கு நிற்க 9ஏ தடையில்லை. மாநில நெடுஞ்சாலைத் துறை வேலை எடுத்திருப்பவருக்குத் தடை உண்டு.

கணவர் வேட்பாளராக வேண்டுமென்றால், வேட்புமனு பரிசீலனை நாளன்று ஒப்பந்தம் நடப்பில் இருக்கக் கூடாது. வேலை முழுவதும் முடிந்து, அரசு தர வேண்டிய பில் தொகை மட்டும் பாக்கி என்றால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கருதக் கூடாது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. சிக்கல் வருவது வேலை முடிந்ததா என்பதில். சாலை போட்டாகிவிட்டது, ஆனால் பராமரிப்புப் பொறுப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். பணி முடிப்புச் சான்று எந்தத் தேதியில் தரப்பட்டது, ஒப்பந்த ஆவணத்தில் அதற்குப் பிறகு என்ன கடமை மிச்சம் இருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமல் மனு செய்யக் கூடாது. இன்னொரு தவறு, மனு செய்வதற்கு முந்தின நாள் 'ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வருவது. துறை ஏற்று ஒப்பந்தத்தை முடித்து ஆணை தராதவரை அந்தக் கடிதத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆணை நகல் கையில் வேண்டும்.

மனைவி வேட்பாளர் என்றால் கணவரின் ஒப்பந்தம் அவரைத் தகுதியிழக்கச் செய்யாது. 9ஏ வேட்பாளர் தாமே போட்ட ஒப்பந்தத்தை மட்டும் பார்க்கிறது. ஆனால் சொல்லியாக வேண்டும். படிவம் 26-ல் அரசு ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: வேட்பாளர் போட்டவை, கணவர் அல்லது மனைவி போட்டவை, சார்ந்திருப்போர் போட்டவை, இவர்களுக்குப் பங்குள்ள கூட்டுக்குடும்பம் அல்லது அறக்கட்டளை போட்டவை, இவர்கள் கூட்டாளியாக உள்ள நிறுவனங்கள் போட்டவை, இவர்கள் பங்கு வைத்திருக்கும் தனியார் கம்பெனிகள் போட்டவை. அரசோடு மட்டுமல்ல, பொதுத்துறை நிறுவனங்களோடு போட்டவையும் இதில் அடங்கும். நூற்றில் ஒரு பங்குதான் வைத்திருக்கிறேன் என்பது விலக்கு ஆகாது.

இந்தப் பகுதியில் பெரும்பாலும் 'இல்லை' என்று வரிசையாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். சிலருக்கு உண்மையிலேயே இல்லை. ஆனால் அதே பத்திரத்தில் மனைவியின் தொழில் 'ஒப்பந்தப் பணி' என்று மேலே இருக்கும். கீழே ஒப்பந்தம் 'இல்லை' என்று இருக்கும். நிரப்பியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர் என்பதால் வரும் முரண் இது. கையெழுத்துப் போடுபவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

பெரிய ஓட்டையும் இங்கேதான். தனி வருமானம் உள்ள மகன், மருமகன், தம்பி எவரும் சார்ந்திருப்போர் அல்லர். அவர்கள் பெயரில் பல கோடிக்கு அரசு வேலை நடந்தாலும் படிவம் 26-ல் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில், லோக் பிரஹரி என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வருமான ஆதாரத்தையும் ஒப்பந்த விவரத்தையும் வெளியிட வைத்தது. தகுதியிழப்பை விரிவாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று அதோடு நிறுத்திக்கொண்டது. அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. இது நடந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பழைய ஸ்கூட்டர், உபயோகமில்லாத வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? ஒன்று விட்டுப்போனால் பதவியே போய்விடுமா?
வாசகர், விழுப்புரம்

எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் எது விட்டுப்போனாலும் பதவி போகும் என்பது சரியல்ல. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகாராஷ்டிரத்தில் 2004 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த கிசன் சங்கர் கதோரே, மனைவி பெயரில் இருந்த பங்களாவையும் வாகனத்தையும், மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியையும் காட்டவில்லை. தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அருணாசலப் பிரதேசத்தில் தேஜு தொகுதியில் 2019-ல் ஜெயித்த கரிகோ கிரி, மனைவி, மகன் பெயர்களில் பதிவாகியிருந்த ஒரு ஸ்கூட்டி, ஒரு ஆம்னி வேன், ஒரு மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றையும் காட்டவில்லை. மனுவுக்கு முன்பே அவை கைமாறிவிட்டன. பதிவில் மட்டும் பெயர் மாறவில்லை. குவஹாட்டி உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2024 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி வெற்றியை உறுதி செய்தது. அவர் காட்டியிருந்த சொத்து 8 கோடிக்கு மேல். அதன் முன் இந்த வண்டிகள் பொருட்டல்ல. வேட்பாளருக்கும் தனியுரிமை உண்டு, துணிமணி, பாத்திரம், மேசை நாற்காலி வரை எழுத வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். அதே மூச்சில், விலை உயர்ந்த கைக்கடிகாரங்களின் தொகுப்பு போல ஆடம்பர வாழ்க்கையைக் காட்டும் பொருள்களாக இருந்தால் சொல்லத்தான் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

அப்படியென்றால் சின்னதை விட்டுவிடலாம் என்று இதைப் படிக்கக் கூடாது. கரிகோ கிரி தம் பதவியைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வண்டியை விற்றால் அன்றே ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுங்கள். மாறாமல் இருந்தால், 'விற்றுவிட்டேன், பதிவு மாறவில்லை' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படிவத்தை நிரப்பும்போது நடைமுறையில் எங்கே சறுக்குகிறார்கள்?
வாசகர், கடலூர்

முதலில் நகை. எடையும் மதிப்பும் இரண்டுமே கேட்கப்படும். 'சீதன நகைகள்' என்று எழுதி, எத்தனை பவுன் என்று எழுதாமல் விடுகிறார்கள். மனைவியின் நகை மனைவியின் பத்தியில் வர வேண்டும். கணவரின் பத்தியில் சேர்த்துக் கூட்டிவிடக் கூடாது. அடகில் இருக்கும் நகையும் சொத்துதான். அதன் மீதான கடன் கடன் பகுதியில் தனியாக வரும்.

அசையாச் சொத்தில் சர்வே எண், பரப்பு, பூர்வீகமா வாங்கியதா, வாங்கிய தேதி, அப்போதைய விலை, பிறகு செய்த செலவு, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் வேண்டும். பழைய பத்திரத்தில் உள்ள விலையையே இன்றைய மதிப்பாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. கூட்டாக உள்ள சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறிப்பிட வேண்டும்.

பான் எண், ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய மொத்த வருமானம், வெளிநாட்டில் உள்ள வைப்பு, முதலீடு ஆகியவை 2019 பிப்ரவரித் திருத்தத்தில் கட்டாயமாயின. இவை மனைவி, கூட்டுக்குடும்பம், சார்ந்திருப்போர் ஆகியோருக்கும் பொருந்தும். துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய மனைவிக்கு அங்கே ஒரு கணக்கு மிச்சம் இருந்தால் அதுவும் வர வேண்டும்.

கடந்த 10 ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்தவர் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்றை இணைக்க வேண்டும். அந்தச் சான்று ஒரே நாளில் கிடைக்காது. அறிவிக்கை வருவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

எல்லாம் நிரப்பிய பிறகு நோட்டரி, உறுதிமொழி ஆணையர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் உறுதியளிக்க வேண்டும். பக்கம் ஒவ்வொன்றிலும் வேட்பாளர் கையெழுத்து இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை போட்ட பிறகு பேனாவால் ஒரு எண்ணைத் திருத்துவது ஆபத்து. திருத்தம் வேண்டுமென்றால் புதிதாகவே செய்துவிடுங்கள். மனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

மகன் மேல் கிரிமினல் வழக்கு இருக்கிறது. வேட்பாளரான அப்பா அதைச் சொல்ல வேண்டுமா?
வாசகி, வேலூர்

வேண்டாம். வழக்கு விவரம் வேட்பாளருடையது மட்டும். தம் மேல் உள்ளதை மறைத்தால்தான் பிரச்சினை. அந்த வழக்குகளைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்தவும் வேண்டும்.

ஒரு வேட்பாளர் மனைவியின் சொத்தை மறைத்திருப்பது எனக்குத் தெரியும். பத்திர நகலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், ஈரோடு

தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய் 'மனுவைத் தள்ளுங்கள்' என்று கேட்டுப் பலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். எழுதியது உண்மையா பொய்யா என்று விசாரிப்பது அவர் வேலையல்ல. இடம் காலியாக இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். ஆனால் உறுதிமொழியோடு கூடிய எதிர்ப் பிரமாணப் பத்திரம் ஒன்றை நீங்கள் கொடுத்தால் அதையும் வேட்பாளரின் பத்திரத்தோடு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வாக்குப்பதிவுக்கு முன் செய்ய முடிந்த பயனுள்ள காரியம் இதுதான்.

பொய்ப் பிரமாணத்துக்கு 125ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதற்கு உரிய நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம். ஆனால் அந்தத் தண்டனை பதவியைப் பறிக்காது. பதவியைத் தொட வேண்டுமென்றால் தேர்தல் மனு. அந்தத் தொகுதி வாக்காளர் எவரும், வேட்பாளர் எவரும் போடலாம். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாண்டினாலும் மன்னிப்புக் கிடையாது. உயர் நீதிமன்றத்தில், 2,000 ரூபாய் பிணைத்தொகையோடு தாக்கல் செய்ய வேண்டும். ஊழல் நடத்தை என்று குற்றம் சொன்னால் படிவம் 25-ல் தனிப் பிரமாணப் பத்திரமும் தேவை. எந்தச் சொத்து, எந்தச் சர்வே எண், எந்தத் தேதி, யார் பெயர் என்று துல்லியமாக இல்லாத மனுக்கள் விசாரணைக்கே போகாமல் விழுந்துவிடுகின்றன.

நம் ஊர்க்காரர்கள் கொண்டுபோன ஒரு வழக்கே இதில் முன்னுதாரணம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தலில் 2006-ல் ஜெயித்தவர் தம் மேல் இருந்த வழக்குகளை முழுதாகச் சொல்லவில்லை. அப்படி மறைப்பது வாக்காளர் மீது தகாத செல்வாக்குச் செலுத்துவதாகும், அது ஊழல் நடத்தை என்று 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லோக் பிரஹரி வழக்கில் இதே தர்க்கம் மனைவி, சார்ந்திருப்போர் சொத்துக்கும் வருமான ஆதாரத்துக்கும் நீண்டது.

சாதாரண வாக்காளர் பிரமாணப் பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
வாசகி, மதுரை

மொத்தச் சொத்து எத்தனை கோடி என்ற தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். பணக்காரராக இருப்பது குற்றமல்ல. வருமான ஆதாரம், அரசு ஒப்பந்தம், கொடுத்த கடன் ஆகிய மூன்று இடங்களுக்குப் போங்கள். மனைவியின் வருமான ஆதாரம் 'வணிகம்' என்று ஒரே சொல்லில் இருந்தால் என்ன வணிகம் என்று பிரச்சாரத்துக்கு வரும்போது கேட்கலாம். குடும்பக் கம்பெனிக்கு வேட்பாளர் கொடுத்த கடன் பெரிய தொகையாக இருந்தால் அந்தக் கம்பெனி யாருக்கு வேலை செய்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே நின்றவர் என்றால் முந்தைய தேர்தலின் பத்திரத்தை எடுத்து, நடுவில் வாங்கிய நிலத்தின் தேதியையும் விலையையும், அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்தையும் ஒப்பிடுங்கள். தாக்கல் ஆன பத்திரங்கள் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஜெயித்த பிறகு இந்தக் கடமை முடிந்துவிடுகிறதா?
வாசகர், கோவை

ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவியேற்ற 90 நாளில் தங்கள், மனைவி, சார்ந்துள்ள பிள்ளைகள் ஆகியோரின் சொத்து விவரத்தை அவைத் தலைவரிடம் தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75ஏ பிரிவு. மாநிலங்களவையில் உறுப்பினர் நலன் பதிவேடு ஒன்று இருக்கிறது. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, ஊதியம் வரும் வேறு பணி, கட்டுப்பாடு தரும் அளவுக்குப் பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி என ஐந்து தலைப்புகள். மக்களவையில் அதுவும் இல்லை. அமைச்சர்களுக்கான நடத்தை விதி, வியாபார நிர்வாகத்திலிருந்து விலகவும், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31-க்குள் பிரதமரிடமோ முதலமைச்சரிடமோ கணக்குத் தரவும் சொல்கிறது. அது சட்டமல்ல, நடத்தை விதி மட்டும். நெடுஞ்சாலை மானியக் கோரிக்கைக்கு வாக்களிக்கும் உறுப்பினரின் மகன் நெடுஞ்சாலை ஒப்பந்ததாரர் என்பது வாக்காளருக்கு எழுத்தில் தெரிய இன்று வழியே இல்லை.

என் மகனும் தம்பியும் ஒப்பந்தத் தொழில் செய்கிறார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நானாகவே இதை வெளியிட விரும்புகிறேன். எப்படிச் செய்வது?
வேட்பாளர் ஒருவர்

பாராட்டுகிறோம். படிவம் 26-க்குள் புதுப் பகுதிகளைச் சேர்க்க வேண்டாம். அதன் வடிவம் மாறினால் பரிசீலனையில் வீண் வாக்குவாதம் வரும். தனித் தாளாக வெளியிடுங்கள். உறவினர் உங்களுக்கு என்ன முறை, நிறுவனத்தின் பெயர், எந்தத் துறையோடு ஒப்பந்தம், என்ன வேலை, எவ்வளவு தொகை, எப்போது முடிகிறது, அந்த நிறுவனத்தில் உங்களுக்கோ மனைவிக்கோ பங்கு அல்லது கடன் உண்டா ஆகியவை போதும். மகனிடமும் தம்பியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்களுடைய பான் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ அச்சிடாதீர்கள். துண்டறிக்கையாக அடித்தால் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். அச்சுக் கூலியைத் தேர்தல் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.